பெட்டிக்குள்ளிருந்து உயிர் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்று தேயிலை ஃபேக்டரி மேல்மாடியில் இருந்தவர்கள்:

டீமேக்கர் ஐயா. கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்கு அங்கே அவர்தான் பெரியவர். நாடகத்தை எழுதியவரும் அவர்.

ராமாயி. கொழுந்து எடுப்பவள். நாடகத்தில் வள்ளி. வயிற்றில் ஆறு மாதம்.

செல்லம்மா அக்கா. ராமாயியின் மாமியார். நாடகத்தில் இல்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

சவரிமுத்து. கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிறவன். நாடகத்தில் சாமி. அன்று அவனுக்குத் தொண்டை போய்விட்டது.

காசிம் நானா. ஹட்டன் பஜாரில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். என் முதலாளி.

நான். பெயர் சுப்பையா. வயர் இழுப்பவன்.

எஞ்சின் ஓட்டுகிற பெருமாள் அண்ணன் மேலே இல்லை. கீழே எஞ்சின் பக்கத்தில் இருந்தார். ஆனால் மாடித் தரையில், வாடின கொழுந்தைக் கீழே தள்ளிவிட ஒரு ஓட்டை இருக்கிறது. அது வழியாக அவர் பேசினால் பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்கும். ஆகவே அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது சவுண்ட் கடை வைத்திருக்கிற பையன்கள் என்னிடம் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் குரல் குகைக்குள் பேசுவது மாதிரி வருகிறது. "ஒங்க காலத்துல இதுக்கு என்னா செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். தேயிலைப் பெட்டி என்றேன். சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் அதிகம் படிக்கவில்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

தொழில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோட்டத்தில் வேலைக்கு என் பெயரைப் பதியவில்லை. ஹட்டனுக்கு வந்தேன். நானா ஒரு வயர்ச் சுருளைக் கையில் கொடுத்தார். மூன்று வருஷம் அதைத் தூக்கினேன். பிறகு மரம் ஏறி ஹோர்ன் கட்ட விட்டார். ஹோர்ன் என்றால் பூசணிப் பூ மாதிரி வாய் விரிந்த குழாய். பாட்டு அதில்தான் வரும்.

அதைக் கட்டுவதற்கு முறை உண்டு. துரை பங்களாவைப் பார்க்கக் கூடாது. மாட்டுப்பட்டியையும் பார்க்கக் கூடாது, பால் குறைந்துவிட்டது என்று மறுநாள் ஆள் வரும். மழைக்காலத்தில் வாயைக் கொஞ்சம் கீழே சாய்க்க வேண்டும். சாய்க்காவிட்டால் தண்ணீர் நிறைந்து, பாடுகிறவர் வாய் கொப்புளிப்பது மாதிரி இருக்கும். வயர் சேருகிற இடத்தில் எல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்ற வேண்டும்.

நானா திட்ட மாட்டார். வேலை பிழைத்தால் தொப்பியைக் கழற்றுவார். உள்ளே பார்ப்பார். திரும்பப் போட்டுக்கொள்வார். தொப்பிக்குள் என்ன பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் கழற்றினால் நான் எல்லா முடிச்சையும் முதலில் இருந்து பார்ப்பேன்.

மைக்கில் அவர் ஹலோ சொல்வதில்லை. ஒரே ஒரு தரம் தொண்டையைச் செருமுவார். பிறகு என்னைப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு, கடைசி லயம் வரைக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசை.

"எப்பிடி நானா?"

"கேக்குது."

இதற்கு மேல் அவர் எந்த வேலையையும் புகழ்ந்ததில்லை.

வட்டவளையில் ஒரு கல்யாணம். ஹோர்னை ரயில் பாதையைப் பார்க்கக் கட்டிவிட்டேன். அந்த ஏற்றத்தில் ரயில் மெதுவாகத்தான் போகும். ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளைக்குக் கை காட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ரயிலில் ரெண்டு பேர் வந்து இறங்கி, சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுப் போனார்கள். யார் வீட்டு ஆட்கள் என்று ரெண்டு பக்கமும் கேட்கவில்லை. நானா தொப்பியைக் கழற்றினார். ஆனால் சிரித்துக்கொண்டே கழற்றினார்.

இனி நாடகம்.

டயகம பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். ஒரு வருஷம் நாடகம் தொடங்கின உடனே பனிமூட்டம் இறங்கியது. மேடை தெரியவில்லை. ராஜா தெரியவில்லை. மந்திரிக்கும் ராஜா தெரியவில்லை, தூணைப் பார்த்து வணங்கினார். சனம் எழுந்து லயத்துக்குப் போய்விட்டது. நாடகக்காரர்கள் விடவில்லை. குரல் ஹோர்னில் போய்க்கொண்டே இருந்தது. சனம் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு முழு நாடகத்தையும் கேட்டது. மறுநாள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பார்த்ததை விட இதுதான் நல்லாயிருந்தது என்று.

டீமேக்கர் ஐயா அதைக் கேட்டுக்கொண்டார். அவர் மெலிந்த மனுஷன். தேயிலை ருசி பார்க்கும்போது ஒரு உறிஞ்சு, ஒரு துப்பு, ஒரு வார்த்தை. நாடகத்திலும் அப்படித்தான். அடுத்த வருஷம் மேடையே வேண்டாம் என்றார். குரல் மட்டும். ஐந்து ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது. மேல்மாடியில் இருந்து பேசுவது, கூரையில் ஹோர்ன் கட்டுவது என்று முடிவாயிற்று. கொழுந்து அரைக்கிற ரோலர் ஒன்றை வெறுமனே ஓட்டிக்கொள்ளப் பெரிய துரை அனுமதி கொடுத்தார். எதற்கு என்று கேட்டாராம். ராக்கெட்டுக்கு என்று ஐயா சொன்னாராம். துரை மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வானத்துக்கு மனுஷன் போய் வந்துவிட்டான் என்று ரேடியோவில் சொன்ன காலம் அது. ஐயாவின் கதையில் கப்பல் இன்னும் தூரம் போகிறது. கப்பல் பெயர் மின்னல். கேப்டன் ஐயாவேதான். தங்கச்சி வள்ளியும் கூடப் போகிறாள். மூன்று சூரியன் உள்ள ஒரு லோகத்தில் இறங்குகிறார்கள். அங்கே கல்லுக்குள்ளே பழைய தேவர்கள் தூங்குகிறார்கள். மனுஷன் உண்டாவதற்கு முன்னால் இருந்தவர்கள். கப்பலின் சக்தியை எல்லாம் இழுத்துக்கொள்கிறார்கள். திரும்பிப் போக வேண்டுமென்றால் ஒரு உயிரைப் பலி கேட்கிறார்கள்.

இதைப் படித்துக் காட்டும்போது ஐயா சொன்னார்: "இவங்க நம்ம சாமி மாதிரி இல்ல. மெஷினுக்குள்ள குடியிருக்கிற ஒரு சக்தி. வெளங்கிக்கிறது கொஞ்சம் கஷ்டம்."

ஓட்டை வழியாகப் பெருமாள் அண்ணன் சொன்னார்: "இதுல என்னா கஷ்டம். நம்ம ரோதமுனிதான ஐயா."

ரோதை என்றால் சக்கரம். ஃபேக்டரிச் சக்கரத்தில் குடியிருக்கிற முனி அவர். எஞ்சினுக்குப் பக்கத்தில் கல்லும் சூலமும் இருக்கிறது. சூடம் காட்டாமல் பெருமாள் அண்ணன் ரோலரைச் சுற்றுகிற பெல்ட்டைத் தொட மாட்டார். வெறும் ரோலர் ஓட்டுகிற ஞாயிற்றுக்கிழமையிலும் காட்டினார்.

சத்தங்கள் இப்படிச் செய்தோம். ராக்கெட்டுக்கு ரோலர். ஒரு மைக்கைக் கம்பளியில் சுற்றி, ஓட்டை வழியாகக் கீழே இறக்கினோம். கம்பளி இல்லாமல் இறக்கினால் ஹோர்ன் கிழிந்துவிடும். அந்த லோகத்துக் காற்றுக்குக் கொழுந்து வாட்டுகிற விசிறி. நடக்கிற சத்தத்துக்குத் தட்டில் கழிவுத் தேயிலையைக் கொட்டி மிதித்தேன். சாமி குரலுக்குப் புதுத் தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். பெட்டியைக் கிடத்தி, மைக்கை வாயோரம் வைத்து, ஆள் கழுத்து வரைக்கும் உள்ளே போய்ப் பேச வேண்டும். சவரிமுத்து பேசினால் மலையே பேசின மாதிரி இருந்தது. பெட்டியை விட்டு வெளியே வந்தால் தலைமயிர் எல்லாம் தூள்.

ராமாயியின் குரலைச் சொல்ல வேண்டும். ஒரு மலையில் நின்று அவள் கூப்பிட்டால் அடுத்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள். அதே குரல் மைக்குக்கு முன்னால் காதோடு பேசியது. முதல் ஞாயிறு மட்டும் ஒரு கஷ்டம். ஐயாவை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. "ஐயா அண்ணே, சூரியன் மூணு தெரியுதுங்க ஐயா" என்றாள். தோட்டம் முழுக்கச் சிரித்தது. நாலு நாளைக்குக் கங்காணிமாரை எல்லாம் "ஐயா அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு பக்கத்துத் தோட்டத்துச் சனமும் மேட்டில் வந்து உட்கார்ந்தது. மூன்றாம் ஞாயிறு தலவாக்கலையில் இருந்து சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். நாலாம் ஞாயிறு சவரிமுத்து பெட்டிக்குள் இருந்து வள்ளியின் உயிரைக் கேட்டான். அதோடு அங்கம் முடிந்தது.

திங்கள் முழுக்க மலையில் அதே பேச்சு. கொழுந்து குறைந்தது. பெரிய துரை தலைக்கங்காணியைக் கூப்பிட்டு, யார் அந்த வள்ளி, எந்த லயம், என்ன நோய் வருத்தம் என்று விசாரித்தார். சவரிமுத்துவுக்குக் கடையில் யாரும் பீடி கொடுக்கவில்லை. அவன் அம்மாவே அவனிடம் ரெண்டு நாள் பேசவில்லை. அவன் போகிற இடமெல்லாம், நான் எழுதவில்லை, நான் எழுதவில்லை என்று கத்திக் கத்தித்தான் தொண்டை போனது.

இப்படியாக ஐந்தாம் ஞாயிறு வந்தது. நானும் நானாவும் போய்ச் சேரும்போது செல்லம்மா அக்கா கதவில் நின்றார். இடுப்பில் ஒரு செவலைச் சேவல், கால் கட்டி.

"வயித்துப் புள்ளக்காரி, உசுரத் தாறேன்னு சொல்லக் கூடாது," என்றார்.

ஐயா சொன்னார்: "இது நாடகம் செல்லம்மா."

"தெரியுங்க ஐயா. நாலு ஞாயிறும் நானுந்தான் கேட்டேன். அழுதேன். நாடகம்னு தெரிஞ்சுதான் அழுதேன்."

"அப்புறம் என்ன? கேட்கிறது அந்த லோகத்து தேவர்."

"எந்த லோகமா இருந்தா என்னாங்க. அவ நிக்கிறது ரோதைக்கு மேலதான. முனிக்குக் காது இல்லையா?"

ஓட்டை வழியாகக் குரல் வந்தது. "அக்கா சொல்றது சரி. அந்தப் புள்ள வாயால உசுரத் தாறேன்னு சொன்னா நா பெல்ட்டு போட மாட்டேன்."

"பெல்ட் போடாவிட்டால் கப்பல் எப்படிக் கிளம்பும்?"

"கெளம்பாதுங்க."

ஐயா சட்டைப் பையில் இருந்த கடுதாசியை எடுத்தார். திரும்ப வைத்தார். "பலி இல்லாமல் முடித்தால் நாலு ஞாயிறு கேட்டவங்களை ஏமாத்தின மாதிரி," என்றார். அதுவும் நியாயம்தான். வேறு பொம்பளையை வைத்துப் பேசலாமா என்று யோசித்தார். ராமாயி முன்னால் வந்தாள்.

"கடேசில வேற ஒருத்தி பேசுனா வள்ளி செத்ததா யாரும் நம்ப மாட்டாங்க ஐயா," என்றாள். "வள்ளி நாந்தான்."

பிறகு மாமியாரிடம் சொன்னாள்: "அத்த, நா வேற எதுல பேசப் போறேன்? புள்ள பொறந்துட்டா என்னய ஆரு விடுவா? இந்த ஒரு நாளுதான்."

செல்லம்மா அக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கதவை விடவில்லை.

நானா தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். நான் வயரைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "பேட்டரி எறங்குது," என்றார். "சனம் குந்தியிருக்கு. தொடங்குங்க. முடிவு வார நேரத்துக்கு வரட்டும்."

அப்போதுதான் சவரிமுத்து வாயைத் திறந்து காட்டினான். காற்று மட்டும் வந்தது. ஐயா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என் குரல் சாமிக்கு ஆகாது. நானாவைப் பார்த்தார்.

நானா சொன்னார்: "நா சாமி வேசம் போட மாட்டேன் ஐயா."

"சாமி இல்ல நானா. மனுசனுக்கு முந்தின ஒரு ஜாதி. சனம் தெரியாமல் சாமின்னு சொல்லுது. கதையிலேயே அப்படித்தான் இருக்கு."

நானா யோசித்தார். "அப்ப சரி. என்னா சொல்லணும்?"

"ஒரு உயிர் வேண்டும். அவ்வளவுதான். மூணு தரம்."

"மூணு தரமா," என்றார். தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் போனார்.

தொடங்கினோம். விசிறி ஓடியது. நான் கழிவை மிதித்தேன். ஐயா கேப்டன் குரலில், "வள்ளி, பின்னால் போ," என்றார். நன்றாகவே பேசினார். பெட்டிக்குள் இருந்து நானா ஒரு தரம் செருமினார். அவருக்கு அது மைக் பார்க்கிற பழக்கம். ஆனால் ஹோர்னில் அது கேட்ட விதம் வேறு. வெளியே நாய் எல்லாம் குரைப்பதை நிறுத்தியது.

"ஒரு உயிர் வேண்டும்."

லயத்துப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஒரு உயிர் வேண்டும்."

ராமாயி மைக்கிடம் வந்தாள். ஐயா எழுதினது அவளுக்கு மனப்பாடம். பழைய தேவர்களே என்று தொடங்கி, என் அண்ணன் வீடு திரும்பட்டும், என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிய வேண்டும். அண்ணன் வீடு திரும்புகிற இடம் வரைக்கும் சொன்னாள். செல்லம்மா அக்கா சேவலை இறுக்கினார். ஓட்டையில் பெருமாள் அண்ணனின் மூச்சு கேட்டது. ராமாயி வயிற்றில் கை வைத்தாள்.

"ஒரு உசுருதான கேட்டீங்க," என்றாள். "எங்கிட்ட ரெண்டு இருக்கு. என்னய எடுத்தா ரெண்டும் வந்துரும். கேட்டது ஒண்ணு. தேவரா இருந்தா சொன்ன சொல்லுக்கு மேல ஒண்ணு எடுக்கக் கூடாது. என்னயப் பிரிச்சும் எடுக்க முடியாது. இப்ப நீங்களே சொல்லுங்க."

கடுதாசியில் இது இல்லை. ஐயா கடுதாசியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பேச வேண்டியது நானா. அவருக்குக் கொடுத்தது ஒரே வசனம், அதில் ஒரு தரம் பாக்கி.

பெட்டிக்குள் இருந்து குரல் வந்தது.

"அப்ப வேற என்னா இருக்கு?"

இருபது வருஷம் கடை வைத்த மனுஷன். வேறு எப்படிக் கேட்பார். செல்லம்மா அக்கா கதவை விட்டார். ஓடி வந்து மைக்கில் வாயை வைத்தார்.

"சாவல் இருக்கு சாமி."

சேவலும் மைக்கில் ஒரு தரம் கூவியது. எந்த நாடகத்திலும் எவனும் அவ்வளவு சரியான இடத்தில் பேசியதில்லை.

நானா அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. "ஒண்ணுதானா?" என்றார்.

முதல் லயத்தில் இருந்து ஒரு பொம்பளை கத்தினாள்: "எங்க வீட்லயும் இருக்கு." பிறகு ரெண்டாம் லயம். பிறகு எல்லா லயமும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சனம் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தது. சேவல் இல்லாதவர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் ஒரே சேவலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சவரிமுத்து அம்மா ரெண்டு கையிலும் ரெண்டு. சவரிமுத்து தரையில் உட்கார்ந்து சிரித்தான். சத்தம் வராமல் சிரித்ததில் விக்கல் எடுத்தது. ராமாயி என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கழிவுத் தட்டை மிதிக்க மறந்துவிட்டேன்.

ஐயா மட்டும் கேப்டனாகவே நின்றார். "பழைய தேவர்களே, ஏற்றுக்கொண்டீர்களா?" என்று கேட்டார்.

"ஏத்துக்கிட்டோம். எல்லாரும் பத்திரமாப் போங்க," என்றார் தேவர்.

ஐயா, புறப்படு என்று சொல்ல வாயைத் திறந்தார். பெருமாள் அண்ணன் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. பெல்ட் சக்கரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ரோலர் சுற்றியது. கம்பளி வைத்த மைக் வழியாக மின்னல் கிளம்பியது. வெளியே வந்து சேர்ந்த சேவல்கள் எல்லாம் அந்தச் சத்தத்தில் கூவின. மூன்று சூரியன் ஒன்றாக உதித்தால் அப்படித்தான் கூவும் என்று ஐயா பிறகு சொன்னார்.

முடிந்த பிறகு ஐயா ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். ஒரு உறிஞ்சு. துப்பவில்லை.

"நானா," என்றார், "தேவர்கள் பேரம் பேச மாட்டாங்க."

நானா தலையில் இருந்த ஈயத்தாளைத் தட்டினார். "யாவாரம் தெரியாத தேவரா இருந்தா மனுசனுக்கு முந்தியே கட மூடியிருப்பாங்க ஐயா."

சாமிக்குச் சொன்னதைத் திரும்பக் கொண்டு போக மாட்டோம் என்று சனம் நின்றது. பெருமாள் அண்ணன் செவலைச் சேவலை மட்டும் முனிக்கு எடுத்தார். மற்றது எல்லாம் அங்கேயே கறியானது. நானா தன் பங்கைத் தனியாக, தானே அறுத்து, தனிச் சட்டியில் ஆக்கிக்கொண்டார். ராமாயிக்கு ஈரல் மட்டும் ஒரு தட்டு. அவள் சாப்பிட்டுக்கொண்டே ஐயாவைக் கேட்டாள்: "எழுதுனத மாத்திட்டேன், கோவமா அண்ணே?"

கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்தாள். ஐயா கோபப்படவில்லை. அந்தக் கடுதாசியை எடுத்து, அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, சொன்னபடி அவரே எழுதினார்.

நான் ஹோர்னை அவிழ்க்கக் கூரைக்கு ஏறினேன். கீழே நானா கடைசி லயத்தில் இருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். அங்கே எதற்குப் போனார் என்று தெரியவில்லை. கேட்டேன்.

"எப்பிடி நானா?"

"அந்தப் புள்ள பேசுனது கடேசி லயத்துச் சனத்துக்கும் மனப்பாடம். அடுப்படியில ஒருத்தி அப்பிடியே சொல்லிக்கிட்டு நிக்கிறா."

அவர் ஒரு வேலையைப் பற்றி அவ்வளவு பேசினது அந்த ஒரு தரம்தான்.

பிறகு ராமாயிக்குக் குழந்தை பிறந்தது. நானும் நானாவும் பேர் வைக்கிற விசேஷத்துக்குப் பாட்டுப் போடப் போனோம். செல்லம்மா அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நடந்தார். முனியிடம் ரெண்டு உயிர் என்று சொல்லித் தப்பி வந்த பிள்ளை, முழுசாக வந்திருக்கிறதா என்று ஊர் முன்னால் தெரிய வேண்டுமாம். கொழுந்துக் கூடையில் துணி விரித்துக் கிடத்தினார்கள். கூடையை முதலில் தனியாக நிறுத்துக்கொண்டார்கள். ஐயா வந்து நின்றார். பெருமாள் அண்ணன் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். ராமாயி தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கப்பிள்ளை தராசைத் தூக்கினார். அங்கே நிறுப்பது றாத்தலில்; ரெண்டு றாத்தல் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொழுந்தின் ஈரத்துக்குக் கழிக்கிற பழக்கத்தில், தண்ணிக்கு ஒரு றாத்தல் கழிவு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். செல்லம்மா அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் திரும்பத் தூக்கினார். சரியாகப் படித்தார்.

பெண் குழந்தை. கூடை நீங்கலாக ஒன்பது றாத்தல்.